வாத்தியாருக்குப் படியளந்தவர்கள்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1826 மார்ச் 10 அன்று ஒரு குறிப்பு எழுதினார். அதற்கு நான்கு வருஷம் முன்பு, உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி அனுப்பும்படி கலெக்டர்கள் எல்லோருக்கும் உத்தரவு போட்டிருந்தார். வந்து சேர்ந்த கணக்கைக் கூட்டியதில் பள்ளிகள் 12,498, பிள்ளைகள் 1,88,650 என்று வந்தது. அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர். தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983இல் புத்தகமாக வெளியிட்டதிலிருந்து இந்த எண்களை வைத்துச் சண்டை நடந்துகொண்டே இருக்கிறது. வெள்ளைக்காரன் வருமுன்பே நாமெல்லோரும் படித்திருந்தோம் என்பது ஒரு கட்சி. அந்த ‘எல்லோரும்’ யார் யார் என்று கேட்பது மற்றொரு கட்சி. பெண்பிள்ளைகள் எண்ணைப் பார்த்த பிறகு நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் நான் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் என் கண் முதலில் சம்பளப் பட்டியலைத்தான் தேடும். மன்றோவின் குறிப்பில் அதுவும் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்குப் பொதுவாக மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, இந்த வரும்படிக்குத் தகுதியுள்ள ஆள் யார் இந்தத் தொழிலுக்கு வருவான் என்கிறார். இருநூறு வருஷத்துக் கல்வி அறிக்கைகளில் என் மனத்துக்கு நெருக்கமான வாக்கியம் அதுதான். வாத்தியார் என்ன சொல்லிக்கொடுத்தார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட, அவருக்கு யார் படியளந்தார்கள், அளந்தவர்கள் பதிலுக்கு எதைக் காட்டச் சொன்னார்கள் என்று பார்த்தால் இந்தத் தொழிலின் கதை தெளிவாகத் தெரியும். நான் பார்த்தவரை, படியளந்தவர்கள் மாறும்போதெல்லாம் வாத்தியாரின் பகல்பொழுதும் மாறிப்போயிருக்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்குப் படியளந்தவர்கள் பெற்றவர்கள். வசதிக்கு ஏற்றபடி காசோ நெல்லோ கொடுப்பார்கள். அறுவடையில் ஒரு பங்கு, பிள்ளை புதுச்சுவடி தொடங்கும்போது ஒரு மரியாதை, பண்டிகைக்கு ஒரு வேட்டி. அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வரும் விடுமுறைக்கு வாவு என்று பெயர். நவராத்திரி வந்தால் பிள்ளைகளுக்கு அலங்காரம் செய்து, கையில் கோலைக் கொடுத்து, பாட்டுப் பாடவைத்து வீடு வீடாக அழைத்துப் போவார் வாத்தியார். வீட்டுக்காரர்கள் காசு போடுவார்கள். இதை வெறும் வசூல் என்று நினைக்கக் கூடாது. கொடுத்த நெல்லுக்குப் பிள்ளை என்ன கற்றான் என்று பெற்றவர்களும் தெருவும் கேட்டுக்கொள்ளும் பரீட்சையும் அதுதான். வாய் திறந்து பாடும் பிள்ளை வாத்தியாருக்கு விளம்பரம்.

பெற்றவர்கள் கேட்டதும் தெளிவாக இருந்தது. எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம். முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. இவற்றைப் பெருக்கிக் கூட்டி, களத்துமேட்டில் யாரும் தன்னை ஏமாற்றாதபடி நிற்கத் தெரிய வேண்டும். ஓலை படிக்க வேண்டும், ஓலை எழுத வேண்டும். கூடவே ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி. எல்லாமே மனப்பாடம் என்று நாம் இன்று முகம் சுளிக்கிறோம். காகிதம் இல்லாத காலத்தில் கணக்கு மனத்தில் இருந்தால்தான் உண்டு. நான் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது மனப்பாடத்தைத் திட்டி ஒரு பாடமே இருந்தது. அந்தப் பாடத்தையும் நாங்கள் மனப்பாடம் செய்துதான் பரீட்சை எழுதினோம்.

பள்ளாரிக் கலெக்டராக இருந்த காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இன்னும் சுவாரசியமானது. அது தமிழ்ச் சீமை இல்லை, தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஜில்லா. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கிழவர்கள் சொன்ன கதையோடு ஒத்துப்போகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவது பிள்ளைக்கு மெல்ல ஓர் அடி, நான்காவதுக்கு இரண்டு, அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொன்று கூடுதல். முப்பதாவது ஆளாக வந்தவன் கதியை நினைத்துப் பாருங்கள். வருகைப் பதிவேடு உள்ளங்கையிலேயே இருந்திருக்கிறது. அடங்காத பிள்ளைக்குக் கோதண்டம். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டும். திண்ணைப் பள்ளியை நினைத்து உருகுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுவார்கள்.

ஒரே வாத்தியார், வெவ்வேறு வயதில் நாற்பது பிள்ளைகள் என்ற சிக்கலைத் திண்ணை சட்டாம்பிள்ளையை வைத்துத் தீர்த்தது. மூத்தவன் இளையவனுக்கு மணலில் விரல்பிடித்து எழுதச் சொல்லித்தருவான். எழும்பூரில் ராணுவத்து அனாதைச் சிறுவர் விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைகள் மணலில் எழுதுவதை இங்கே பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார். விடுதியின் ஆசிரியர்கள் அந்த மாற்றத்துக்கு வளைந்து கொடுக்கவில்லை. ஆகவே பெல் எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃப்ரிஸ்கன் என்பவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். சில வருஷங்களில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் வழக்கமும் இங்கிருந்து போனதுதான் என்று காம்பெல் தன் அறிக்கையில் எழுதுகிறார். பெருமைப்படலாம். ஆனால் அந்த முறை அங்கே பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், அது மலிவு. ஒரு சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்காரவைக்கலாம்.

சேரிப் பிள்ளைகள் அந்தத் திண்ணையில் ஏறவில்லை. எங்கள் கீழத்தஞ்சையில் தெருவுக்குள்ளேயே வர முடியாதவர்கள் திண்ணைக்கு எங்கே வருவது? அவர்களுக்குப் பள்ளி வந்தது மிஷனரிகளாலும், பிறகு 1920ஐ ஒட்டி மாகாண அரசு தொடங்கிய தொழிலாளர் துறைப் பள்ளிகளாலும். மதுரைப் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வந்ததும் அதே காலம்தான். ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்ற பெயர்ப்பலகையை இன்று பார்க்கும்போது அதன் பின்னால் நூறு வருஷம் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

மன்றோ ஒரு யோசனை சொன்னார். ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளி, தாசில் ஒன்றுக்கு ஒரு பள்ளி. பெரிய பள்ளி வாத்தியாருக்கு மாதம் 15 ரூபாய், தாசில் பள்ளி வாத்தியாருக்கு 9 ரூபாய். ஒன்பது ரூபாய் குறைவுதான், மீதியைப் பிள்ளைகளிடம் வாங்கிக்கொள்வார் என்று அவரே சமாதானமும் சொல்கிறார். அடுத்த வருஷமே பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துபோனார். அந்தப் பள்ளிகளும் 1836 வாக்கில் மூடப்பட்டன.

அரசாங்கப் பணம் கிராமத்து வாத்தியார் கைக்கு வந்தது அதற்கும் பிறகு, வேறு வாசல் வழியாக. 1854இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை மானியம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தனியார் பள்ளி நடத்தலாம், அரசு உதவும். எதைப் பார்த்து உதவுவது? இங்கிலாந்தில் 1862இல் ஒரு விதி வந்தது: பிள்ளை தேறினால் பணம். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று ஒவ்வொன்றிலும் தேறும் தலைக்கு இவ்வளவு. அதே விதி சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்தது. திண்ணை வாத்தியார்களுக்கு ஆய்வாளர் என்ற ஒருவர் அறிமுகமானார். வருஷத்துக்கு ஒருமுறை மாட்டுவண்டியிலோ குதிரையிலோ வருவார். அந்த ஒரு நாளில் வருஷத்து வரும்படி முடிவாகிவிடும்.

என் அப்பா சிறுவயதில் தன் வாத்தியாரிடமிருந்து கேட்ட கதைகள் அந்தக் காலத்தைப் பற்றியவைதான். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் வாத்தியார் விடியற்காலையில் வயல் வயலாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வருவாராம். காய்ச்சலில் கிடந்தவனைப் போர்வையோடு தூக்கிவந்து உட்காரவைத்ததும் உண்டு. பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து நன்றாகப் படிக்கும் நாலு பேரை இரவல் வாங்குவது சகஜம். அங்கே ஆய்வு வரும்போது திருப்பி அனுப்ப வேண்டும். வாசகப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டானாம். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு ‘தேறினான்’ என்று எழுதிப் போனாராம். கதையில் கொஞ்சம் கை கால் முளைத்திருக்கும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் தலைகள்தான் வந்து சேரும்.

அந்த முறையின் கெடுதல் இங்கிலாந்திலேயே தெரிந்திருந்தது. பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்த கவிஞர் மாத்யூ அர்னால்டு தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார். 1890களில் அங்கே அதைக் கைவிட்டார்கள். சென்னையில் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. கர்சன் காலத்தில் 1904இல் வந்த கல்வித் தீர்மானம் சொன்ன பிறகுதான் இங்கே அதற்கு முடிவுகாலம் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை ஓடிவிட்டது. ஆய்வாளரின் படிவத்தில் இல்லாத முந்திரியும் காணியும் திண்ணையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிப் போய்விட்டன. பெற்றவர்கள் கேட்ட கணக்கு ஒன்று, ஆய்வாளர் கேட்ட கணக்கு வேறொன்று. ஆய்வாளர் கையில் பணம் இருந்தது.

என் அப்பா ஹையர் கிரேடு வாத்தியார். எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு இரண்டு வருஷம் பயிற்சி. நாற்பதுகளின் தொடக்கத்தில் திருத்துறைப்பூண்டித் தாலுகாவில் ஒரு மானியப் பள்ளியில் சேர்ந்தார். ஊர்ப் பெயரையும் மேனேஜர் பெயரையும் விட்டுவிடுகிறேன். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மானியப் பள்ளி என்றால் மேனேஜருடைய பள்ளி. மானியம் அவர் கைக்கு வரும். பட்டியலில் கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கையில் விழுவது வேறொன்று. வித்தியாசத்தைப் பற்றி வாய் திறந்தால் அடுத்த மாதம் வேலை இல்லை. மேனேஜர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறுவதும் நெல் அளக்கும்போது கணக்கு எழுதுவதும் எழுதப்படாத நிபந்தனைகள். அப்பா இதைக் கோபமில்லாமல்தான் சொல்வார். “எல்லா வாத்தியாரும் அளந்தோம்மா” என்பார்.

பள்ளிக்கூடத்து மூலையில் ஒரு மேசை போட்டு அதுதான் தபாலாபீஸ். கிளை அஞ்சலகத்தை ஊர் வாத்தியாரிடம் ஒப்படைப்பது அந்தக் காலத்தில் எங்கும் உண்டு. அதற்குத் தனியாக ஒரு சின்னப் படி. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லச் சொல்ல அப்பா முத்திரை குத்துவார், அதுவே தாளம். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் மத்தியானத்தில் வருவார்கள். வந்த கடிதத்தைப் படித்துக்காட்ட வேண்டும், பதிலும் எழுத வேண்டும். ‘பணம் வந்தது, இன்னும் கொஞ்சம் அனுப்பவும், மாடு கன்று போட்டது’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடிதம் எழுதும் பாடத்தை அப்பா தனியாக நடத்தியதே இல்லை.

1953இல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளிகளுக்கு அரைநாள் முறையைக் கொண்டுவந்தது. ஒரு கூட்டம் பிள்ளைகளுக்குக் காலை மூன்று மணி நேரம், மற்றொரு கூட்டத்துக்கு மாலை மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்பது திட்டம். குலக்கல்வி என்று நாடு கொதித்தது சரித்திரம். அதை எதிர்த்த கூட்டங்களில் பேசியவர்கள் சொல்லாத ஒரு சங்கதி அப்பாவுக்குத் தெரியும். ஒரே வாத்தியாருக்கு இரண்டு ஷிப்ட். அதுவும் பரவாயில்லை, மத்தியானத்தில் வயலுக்குப் போன பிள்ளை மறுநாள் காலையிலும் வயலிலேயே இருந்தது. அடுத்த வருஷம் காமராஜ் முதலமைச்சரானதும் திட்டம் போயிற்று. போன பிள்ளைகளில் பாதிப் பேரைத் தேடிப்பிடிக்க இன்னொரு வருஷம் ஆயிற்று என்பார்.

பிறகு நடந்தவற்றுக்கு நெ. து. சுந்தரவடிவேலு என்ற பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1954இல் கல்வித்துறை இயக்குநரானவர். 1955இல் மானியப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் வந்தன. மானியப் பள்ளி வாத்தியாருக்கும் கிழவயது என்று ஒன்று உண்டு என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1956இல் மதிய உணவு. சில வருஷம் கழித்து அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனத்தின் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் வந்தன. என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பவுடரை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்த ஞாபகம் இருக்கும். 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு கடம்பத்தூரில். பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, சுற்றுச்சுவர் என்று பள்ளிக்கு என்ன வேண்டும் எனப் பட்டியல் போட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்பார்கள். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலை எடுத்துக்கொண்டு மிராசுதார் வீட்டு வாசலில் நின்றவர் யார்? என் அப்பா. மதிய உணவுக்கு அரிசி கேட்டு நின்றவரும் அவரே. நவராத்திரிக்குத் தெருவில் போன பழைய வாத்தியாருக்காவது கோலாட்டம் போடப் பிள்ளைகள் கூட இருந்தார்கள்.

பெண்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் நாங்கள் நுழைந்த வாசல் கைம்மையின் வாசல். 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைச் சேர்த்து எழும்பூரில் ஒரு விடுதி நடத்தினார். பிறகு அது கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. பத்து, பன்னிரண்டு வயதில் தாலி அறுத்த பெண்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். சுப்புலட்சுமியும் அப்படிப்பட்ட ஒருவர்தான். திருமணமாகி வாழ்கிற பெண் கிராமத்துப் பள்ளிக்குத் தனியாகப் போய் வேலை பார்ப்பது சாதாரணமாக அதற்குப் பிறகு நெடுநாள் ஆயிற்று. எழுபதுகளின் கடைசியில் எனக்கு வேலை கிடைத்தபோதுகூட, ‘டீச்சரம்மாவுக்கு வீடு இல்லை’ என்றுதான் ஊரில் சொன்னார்கள். வீடு இருந்தது. தனியாக வரும் பொம்பளைக்கு இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கி, வாய்க்கால் கரையில் நடந்து போய் வந்தேன்.

அப்போது எனக்குப் படியளந்தது ஊராட்சி ஒன்றியம். 1958ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஒன்றியங்கள் அமைந்து, தொடக்கப்பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயிருந்தன. சம்பளம் ஆணையர் அலுவலகத்தில். மாறுதல் யார் கையில் என்று கேட்காதீர்கள். சேர்மன் என்று ஒருவர் இருந்த காலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் வாத்தியார்கள் நின்றதை மூத்தவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். கட்சி மாநாட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்காத வாத்தியார் மறுமாதம் வேதாரண்யத்துக் கோடியில் இருப்பார். நானும் ஒருமுறை அப்படிக் கோடிக்குப் போனேன். காரணத்தை எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கோடியில் கிடைத்தது ஓராசிரியர் பள்ளி. ஒரு அறை, ஐந்து வகுப்பு, நான். பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தந்த பாடத்திட்டம் எல்லாம் முப்பது பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள் என்று நம்பி எழுதப்பட்டது. அப்பாவிடம்தான் கேட்டேன். அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். காலையில் முதலில் ஒன்றாம் வகுப்பை எடுத்துக்கொள், அவர்கள் தூங்குவதற்கு முன். அப்போது இரண்டாம் வகுப்பு பலகையைப் பார்த்து எழுதட்டும். மூன்று வாய்ப்பாடு சொல்லட்டும், ஆனால் வெளியே மரத்தடியில், இல்லையென்றால் உன் குரல் போய்விடும். நான்குக்குக் கணக்குக் கொடு, விடையைச் சொல்லாதே. ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரனை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பாதே, சுமாரானவனை அனுப்பு. சொல்லிக்கொடுக்கும்போது அவனுக்கும் வந்துவிடும். கெட்டிக்காரன் அடிப்பான்.

கடைசி யோசனை எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. முப்பத்து சொச்சம் வருஷம் அதை நான் கடைப்பிடித்தேன். மத்தியானம் கதை, அதற்கு ஐந்து வகுப்பும் ஒன்றாக. கதை கேட்க வகுப்பு எதற்கு? காய்ச்சல் வந்து நான் போகாத நாளில் பள்ளிக்குப் பூட்டு. எனக்குப் பதிலாக வர யாரும் இல்லை. 1986ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கரும்பலகைத் திட்டம் வந்து இரண்டாவது ஆசிரியர் என்று ஒருவர் வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இனி தைரியமாகக் காய்ச்சல் வரலாம் என்பதுதான்.

நடவுக்காலத்திலும் தை அறுவடையிலும் பாதி அறை காலியாக இருக்கும். அம்மா நடவுக்குப் போனால் மூத்த பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். தம்பியோடு வா என்றேன். வந்தார்கள். இடுப்பிலிருந்த தம்பிகளில் சிலர் பள்ளியில் சேரும் வயது வருமுன்பே அ, ஆ எழுதினார்கள். ஆனால் பதிவேட்டில் அவர்கள் கிடையாது. பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு, மாலைக்கு எதிர்ச்சாய்கோடு, இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி, பிள்ளை வந்தது என்று அர்த்தம். வராதவனுக்குச் சிவப்பு மையில் ஒரு எழுத்து. இந்தப் பெருக்கல் குறிகளின் மேல்தான் எங்கள் பிழைப்பு நின்றது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துத்தான் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவு செய்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் உபரி. உபரி என்றால் வேறு ஊருக்குப் போக வேண்டும். ஜூலை கடைசியில் சில பள்ளிகளில் திடீரென்று பிள்ளைகள் பெருகுவதும், நாலு வயதுக்கு ஐந்து வயது ஆகிவிடுவதும், திருப்பூருக்குக் குடிபோன குடும்பத்துப் பிள்ளை பதிவேட்டில் தினமும் வந்துபோவதும் எனக்குத் தெரியும். அப்பாவின் வாத்தியார் இரவல் வாங்கிய பிள்ளைகளுக்கு இவர்கள் பேரப்பிள்ளைகள்.

1981 ஜூன் 1 முதல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானோம். சேர்மன் வீட்டுத் திண்ணை அத்தோடு போயிற்று. அடுத்த வருஷம் ஜூலையில் சத்துணவு வந்தது. சமைக்க ஆள், அமைப்பாளர் என்று தனியாகப் போட்டார்கள். எண்ணும் வேலை எங்களோடேயே இருந்தது. இன்று எத்தனை தட்டு, எத்தனை முட்டை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தபோது, படியளக்கும் கை எவ்வளவு நீளம் என்று மாநிலமே பார்த்தது. பெரும்பாலோர் திரும்ப வந்தார்கள். சங்கக் கூட்டங்களில் குரல் கொஞ்ச நாளைக்குத் தாழ்ந்தே இருந்தது.

அதே வருஷம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, நாலைந்து வருஷத்தில் எங்கள் ஒன்றியத்துக்கும் வந்தது. பெஞ்சு போயிற்று, பாய் வந்தது. ஏணிப்படி என்று சுவரில் ஒரு அட்டவணை, பெட்டி நிறைய அட்டைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் தன் வேகத்தில் ஏறும். சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. பல ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள், அட்டை அடுக்குவதே வேலையாயிற்று என்று. எனக்கு அது பிடித்திருந்தது. ஓராசிரியர் பள்ளியில் கிடந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் கிராமத்து ஓரறைப் பள்ளிகளுக்கென்று உருவாக்கிய முறையிலிருந்து வந்தது அது. திண்ணை வாத்தியார் வந்து பார்த்திருந்தால், அடியைத் தவிர மற்றதெல்லாம் எங்களுடையது என்று சொல்லியிருப்பார். குறை என்னவென்றால், பார்வையிட வருகிறவர்கள் பிள்ளையைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தார்கள். எந்த அட்டையில் இருக்கிறான், ஏன் போன மாதமும் அதே அட்டை என்று கேட்டார்கள். ஆகவே சில பிள்ளைகள் காகிதத்தில் வேகமாக ஏறினார்கள்.

என் கடைசி வருஷங்களில் எமிஸ் என்ற கணினிப் பதிவு வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் கணினியில் ஏற வேண்டும்: பிறந்த தேதி, ஆதார், ரத்தப் பிரிவு, புகைப்படம். பள்ளியில் கணினி இல்லை. திருத்துறைப்பூண்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் பதிவேட்டை விரித்துவைத்து, கடைப் பையனுக்கு நாங்களே காசு கொடுத்து ஏற்றினோம். பிறகு அது செல்போனுக்குள் வந்துவிட்டது. என்னிடம் படித்துவிட்டு இப்போது ஆசிரியையாக இருக்கும் ஒருத்தி சொல்கிறாள், காலையில் முதல் வேலை கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடுவதுதான் என்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவற்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. எமிஸில் எண் ஏற்றுவது பள்ளி வேலை என்பதால் சட்டம் அதைத் தடுக்காது. நான் வாக்குச்சாவடியிலும் உட்கார்ந்திருக்கிறேன், கணக்கெடுப்புக்கு வீடு வீடாகவும் போயிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், ஒரு பிள்ளை ஏன் தினமும் கண் சிவந்து வருகிறான் என்று எனக்குத் தெரியவந்தது கணக்கெடுப்புக்காக அவன் குடிசைக்குள் குனிந்து போனபோதுதான். எல்லா வெளிவேலையையும் ஒரே கூடையில் போட்டுத் திட்ட என்னால் முடியவில்லை.

அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றை வைத்தது. நாலில் மூன்று பங்கு பெற்றவர்கள், பாதிப் பேர் பெண்கள். எங்கள் பள்ளிக் குழுவின் கூட்டத்தை நூறுநாள் வேலை முடிந்த பிறகு மாலையில் வைப்பேன், இல்லையென்றால் ஒருவரும் வரமாட்டார்கள். கழிப்பறைக்குக் கதவு, குழாய்க்குத் தண்ணீர், சுற்றுச்சுவர் என்று பேசுவோம், தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவேன். ஒரு கூட்டத்தில், நாலாம் வகுப்புப் பையனின் அம்மா, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவர், சுவர்ப் பேச்சுக்கு நடுவே கேட்டார்.

“டீச்சர், சேதுபாவாசத்திரத்துக்குப் போறப்போ பஸ்ஸு போர்டைப் படிடான்னேன். முழிக்கிறான். நாலு வருசமா என்ன டீச்சர் படிச்சான்?”

அவன் அட்டைக் கணக்கில் நன்றாக ஏறியிருந்த பையன். நான் சுற்றி வளைக்கவில்லை. “எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்க வரலை. மத்தியானம் அவனைத் தனியா உக்கார வைக்கிறேன்மா” என்றேன். அந்தக் கேள்வியையும் பதிலையும் தீர்மானமாகவே பதிவேட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். அடுத்த மாதம் பார்வையிட வந்த அலுவலர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் எதுக்கும்மா எழுதி வைக்கிறீங்க, நாளைக்கு உங்களைத்தானே கேப்பாங்க?” என்றார். கேட்கட்டும் சார் என்றேன். அதற்கடுத்த கூட்டத்துக்கு மேலும் நாலு அம்மாக்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி கையில் ரேஷன் கார்டு இருந்தது, அதைப் படிக்கச் சொல்லிப் பார்க்க.